ட-வில் உட்கார்ந்த பூனை

ட ஒரு நாற்காலி. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டு நிறைய ட எழுதச் சொன்ன அன்றே எனக்கு அது தெரிந்துவிட்டது. முதுகுக்கு ஒரு கோடு, உட்கார ஒரு கோடு. எல்லாம் தயாராக இருக்கிறது, ஆளைத்தான் காணோம். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள், கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மண்டபம் கிடப்பதைப் போல. இதைச் சொன்னபோது டீச்சர் சிரிக்கவில்லை. அம்மா, ‘ஒழுங்கா எழுதுடி’ என்றாள். சிரித்தது மாமா ஒருவர்தான். அவர் சிரித்ததோடு நிற்காமல் எழுந்து போய்ப் பென்சில் எடுத்துவந்தார்.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. ஒல்லி உடம்பு, நீள விரல்கள், எதைப் பார்த்தாலும் அதன் ஓரத்தை விரலால் காற்றில் வரைந்து பார்க்கும் வழக்கம். சோப்பு கம்பெனியில் ஊர் ஊராய்ப் போகிற வேலையை விட்டுவிட்டு, பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வாசல் அறையில் அப்பாவின் சைக்கிள் நின்ற இடத்தில் ஒரு நாள் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. அம்மா அதற்கு அரக்கு வெல்வெட்டில் உறை தைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் அலம்பிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். சாமி அறைக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு கெடுபிடி கிடையாது. வாசலில் ‘இங்கு டி.டி.பி. செய்து தரப்படும்’ என்று பலகை மாட்டினார் மாமா. அச்சுக்குக் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துத் தருகிற வேலை அது. முதல் நாள் வந்தது ஒரு பெண். இடுப்பில் கைக்குழந்தை. குழந்தைகளுக்கு டி.பி.டி. தடுப்பூசி போடுகிற இடம் என்று நினைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டரில் அப்போது இருந்த தமிழ் எழுத்துகள் எல்லாம் ஒரே சட்டை போட்ட ஆபீஸ்காரர்கள் போல இருக்கும். ‘கல்யாணத்துக்கும் அதே எழுத்து, கரண்ட் கட்டுக்கும் அதே எழுத்து, இதென்ன அநியாயம்!’ என்பார் மாமா. பயோடேட்டாவும் வாடகை ஒப்பந்தமும் அடித்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் கட்டம் போட்ட தாளில் புதிதாய் ஒரு எழுத்து வரிசையை வரைந்துகொண்டிருந்தார். அதன் பெயர் ஜாங்கிரி.

ஏன் அந்தப் பெயர் என்று கேட்கவே வேண்டாம், பார்த்தால் தெரியும். சுழி இருக்கிற எழுத்துக்கெல்லாம் சுழியில் ஒரு முழு ஜாங்கிரி. ண-வில் அடுக்கிவைத்த ஜாங்கிரிகள். கொம்பு போட்டால் கொம்பின் அடியில் ஜாங்கிரி. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற இடத்தில் உருண்டையாய் ஒரு பூந்தி. எந்த எழுத்தும் கோட்டின்மேல் ஒழுங்காய் நிற்காது. ஒன்று எம்பும், ஒன்று சாயும், ஒன்று பக்கத்து எழுத்தின் தோளில் கை போடும். பள்ளிக்கூடம் விட்ட மணியைக் கேட்ட மாதிரி வரும் ஒவ்வொரு சொல்லும்.

தொல்லை கொடுத்தவை சுழி இல்லாத எழுத்துகள்தான். ஜாங்கிரியை எங்கே வைப்பது? அங்கேதான் நான் உள்ளே வந்தேன். என் காலி நாற்காலியில் ஒரு பூனையை உட்காரவைத்தார் மாமா. டி என்றால் அதன் வால் நிமிர்ந்து வளைந்துகொள்ளும். டு என்றால் வால் சுருண்டு காலைச் சுற்றிக்கொள்ளும். ப ஒரு தொட்டி என்று நான் சொன்னேன். அதில் தண்ணீர் ஊற்றி ஒரு மீன் விட்டார். ‘பலே வாண்டு! உனக்குக் கண்ணு எழுத்துமேல இல்ல, எழுத்துக்குள்ள கீது’ என்று என் தலையில் தட்டினார். அன்று எனக்கு இருந்த கர்வத்தை இன்றுவரை வேறு எதற்கும் நான் அடைந்ததில்லை.

ஆனால் மாமாவுக்குக் கெடு இருந்தது. அப்பா அதிகம் பேச மாட்டார். பேப்பரை மடித்துவைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினார்.

“இதோ பார், தீபாவளி வரைக்கும் பாரு. யாராவது பெரிய கடைக்காரன் இந்த எழுத்தை எடுத்துக்கிட்டான்னா எனக்கும் சந்தோஷம். இல்லன்னா வெல்வெட்டைப் போத்தி மூடிட்டு சோப்பு கம்பெனிக்குக் கெளம்பு. உங்க மேனேஜர் இன்னும் உன்னைக் கேக்குறாரு. திருச்சியில எடம் காலியா இருக்காம்.”

“சரி மாமா,” என்றார் மாமா. அவருக்கு அப்பா மாமா. எனக்கு அது எப்போதும் வேடிக்கையாக இருக்கும், ஒரு மாமா இன்னொரு மாமாவுக்குப் பயப்படுவது.

பெரிய கல்யாணப் பத்திரிகைக் கடைக்காரர் ஒருவரிடம் மாமா மாதிரித் தாளைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் தாளைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார், மீனைப் பார்த்துச் சிரித்தும் சிரித்தார். ‘அயகாத்தான் கீது தம்பி. ஆனா ஜூஸ் கடைக்காரன் வாங்குவான், கல்யாணக்காரன் வாங்குவானா? மயிலாப்பூர்ல ஒரு நல்ல குடும்பத்து விசேஷத்துக்கு இத்தப் போட்டுக் காட்டு. அவங்க ஒத்துக்கினாங்கன்னா ஊரே ஒத்துக்கும். அப்பால நான் எடுத்துக்கறேன்’ என்று அனுப்பிவிட்டார்.

ஜூஸ் கடைக்காரர் என்னவோ உடனே வாங்கிக்கொண்டார். ரோஸ்மில்க் என்று அவர் பலகையில் ஜாங்கிரி எழுத்து ஏறியது. ஒரு எல்.கே.ஜி. பள்ளிக்கூடம், தெருமுனை லேடீஸ் டெய்லர், ஒரு காது குத்தல் பத்திரிகை. டெய்லரின் ‘டெ’யில் உட்கார்ந்த எங்கள் பூனையைப் பார்க்க நான் தினம் வழி மாறிப் போவேன். ஆனால் மயிலாப்பூர் வரவில்லை. ஆடி போனது, ஆவணி போனது. மாமா மாம்பலத்தில் இருந்துகொண்டே மயிலாப்பூர் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பிறகு மயிலாப்பூரே எங்கள் வாசலில் வந்து நின்றது.

காலை நேரம். கசங்கிய வேட்டி, சவரம் செய்யாத முகம், கையில் நாலாக மடித்த தாள். வழக்கமாய் அடிக்கிற லஸ் பிரஸ்ஸில் மெஷின் ரிப்பேர், யாரோ இந்த இடத்தைச் சொன்னார்கள் என்றார் அவர்.

“உக்காருங்க சார்.”

“இல்லை, நிக்கறேன். ஒரு பத்திரிகை அடிக்கணும். எங்காத்துல சுபம்.”

மாமாவின் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. “வீடு எங்க சார்?”

“மயிலாப்பூர். கொளத்துக்குப் பக்கத்துல. நாளன்னிக்குக் கைக்குக் கெடைச்சாத் தேவலை. தபால்ல வேற போடணும்.”

“குடுத்துடலாம் சார். சுபத்துக்குன்னே தனியா ஒரு எழுத்து பண்ணி வெச்சிருக்கேன். ஒரு நிமிஷம் பாக்குறீங்களா?”

அவர் எங்கேயோ பார்த்தார். “அதெல்லாம் பாக்கற நெலமையில நான் இல்லை. பிழை இல்லாம இருந்தாப் போறும். நீங்களே பாத்துப் பண்ணிடுங்கோ.”

நீங்களே பாத்துப் பண்ணிடுங்கோ. அதைவிட இனிய வாக்கியத்தை மாமா வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார். வந்தவர் தெரு திரும்பியதும் மாமா உள்ளே ஓடிவந்து தாளைப் பிரித்தார். வீடு கூடியது. அதில் இருந்ததில் முக்கியமானவை இரண்டே வரிகள். எங்கள் தகப்பனார் ஆசார்யன் திருவடி அடைந்தார் என்று ஒன்று. நிகழும் சுபஸ்வீகாரத்திற்குத் தாங்கள் குடும்பத்துடன் வரும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று இன்னொன்று.

“ஆசார்யன்னா யாருக்கா?” என்றார் மாமா.

“குருடா. பெரியவரு குருவைத் தேடிப் போயிருக்காரு. திருவடின்னா காலு. கால்ல வுழுந்து ஆசீர்வாதம் வாங்கியிருக்காரு.”

“அதுக்கெல்லாமா பத்திரிகை அடிப்பாங்க?” இது பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா.

“அவங்க எல்லாத்துக்கும் அடிப்பாங்க. நம்மள மாதிரியா? நீங்க உங்க தங்கச்சி கல்யாணத்துக்கே பாதிப் பேருக்கு வாயால சொன்ன ஆளு.”

அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

“சரி, சுபஸ்வீகாரம்னா?”

இதற்கு அம்மா கொஞ்சம் யோசித்தாள். யோசித்ததும் முகம் அப்படியே கனிந்துவிட்டது. “சுவீகாரம்னா தத்து எடுக்குறதுடா! சுபமா ஒரு பிள்ளையைத் தத்து எடுக்குறாங்க. அதான் பெரியவரு குருகிட்டப் போய் உத்தரவு வாங்கியிருக்காரு. பாவம், அந்த மனுஷன் மொகத்தைப் பாத்தியா? தாடி வெச்சுக்கிட்டு! பிள்ளை வேணும்னு எத்தனை வருஷ வேண்டுதலோ.”

எல்லாம் பொருந்திவிட்டது. தாடி பொருந்தியது, அவசரம் பொருந்தியது, எங்கேயோ பார்த்த பார்வை பொருந்தியது. எங்கள் வீட்டுத் தமிழை வைத்துக்கொண்டு அந்த வீட்டுத் தமிழைத் திறந்தோம். சாவி சுலபமாய்ச் சுற்றியது, அதுதான் தப்பாகிவிட்டது. புது வரவு ஒரு குழந்தை என்றதும் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. குழந்தைக்கு ஜாங்கிரி போடாமல் வேறு யாருக்குப் போடுவது? அட்டையின் உச்சியில், இரண்டு கிளிகள் ஆட்டுகிற மாதிரி ஒரு தொட்டிலையும் வரைந்து சேர்த்தார்.

அந்தச் சின்ன அட்டையில் எத்தனை ட என்று பாருங்கள். திருவடியில் ஒன்று. அடைந்தாரில் ஒன்று. குடும்பத்துடன் என்கிற ஒரே சொல்லில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வரும்படியில் ஒன்று. கேட்டுக்கொள்கிறோமில் மேலும் இரண்டு ஒட்டிக்கொண்டு. பூனைகளும் குடும்பத்துடன் வந்திருந்தன. சுபத்தின் ப-வில் ஒரு மீன் வாய் பிளந்து நீந்தியது.

அச்சடிக்கத் திருவல்லிக்கேணிக்குப் போனோம். பாய் என்று மாமா கூப்பிடுகிற ஒருவர் அங்கே சின்ன பிரஸ் வைத்திருந்தார். ரோஸ் மையில் முதல் அட்டை வெளியே வந்ததும் அதைத் தூக்கிப் பிடித்தார்.

“இன்னா நைனா, பூனை சேர் போட்டு ஒக்காந்துகினு கீது?”

“தத்து எடுக்குற விசேஷம் பாய். மயிலாப்பூர்ல.”

“மாஷா அல்லா! கொயந்த நல்லா இருக்கட்டும்,” என்று பாய் அட்டையைக் கண்ணில் ஒற்றாத குறையாய்க் கீழே வைத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா கிண்ணத்தில் மஞ்சள் குழைத்தாள். சுபப் பத்திரிகை மூலையில் மஞ்சள் இல்லாமல் போகலாமா? அவர்கள் மறந்தாலும் நாம் மறக்கலாமா? ஒவ்வொரு அட்டையாய் எடுத்து நாலு மூலையிலும் நானும் அம்மாவும் தடவினோம். என் விரல் மூன்று நாள் மஞ்சளாக இருந்தது. காய்ந்ததும் கட்டு கட்டி, மேலே பூ வைத்து, மாமா தன் ஓட்டை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டார். பின்னால் நான். என் மடியில் ஒரு அட்டைப் பெட்டி. உஸ்மான் ரோட்டில் நிறுத்தி வாங்கியது. அதில் நிஜ ஜாங்கிரி.

ஆழ்வார்பேட்டை தாண்டும்வரை மாமா பாடிக்கொண்டே வந்தார். இந்த அட்டை மயிலாப்பூரில் எத்தனை வீட்டு மேஜைமேல் போய் உட்காரும், ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை சொந்தம் வந்து பார்க்கும், பத்திரிகைக் கடைக்காரர் எப்படி ஓடிவருவார் என்று தலையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். ‘ரோட்டைப் பாரு மாமா’ என்று நான் கத்த வேண்டியிருந்தது.

குளத்தங்கரையை ஒட்டிய தெருவில் அந்த வீடு. வாசலில் நிறையச் செருப்புகள். கோலம் இல்லை. அதை நான் பார்த்தேன், மாமா பார்க்கவில்லை. கூடத்தில் பெஞ்சில் மூன்று ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் அதே தாடி. மாமா குனிந்து என் காதில், ‘குடும்பமே வேண்டுதல்டி’ என்றார். பிறகு நிமிர்ந்து, நல்ல உரத்த குரலில்:

“சுபத்துக்கு வாழ்த்துகள் சார்!”

கூடத்தில் ஏதோ ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. அன்று வந்தவர் எழுந்துவந்து அட்டைக் கட்டை வாங்கினார். பூவைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். ஒரு அட்டையை உருவிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கள் பூனையை எப்போது கண்டுபிடிப்பார் என்று. கண்டுபிடித்துவிட்டார்.

“என்னய்யா இது?”

“ஜாங்கிரி சார்.”

“என்னது?”

“எழுத்தோட பேரு சார் அது. வேற கலர் வேணும்னா…”

“ஆத்துல துக்கம் நடந்திருக்கு, கேலி பண்றேளா? அப்பா பேருக்குக் கீழ பூனையா? மீனு வேற! இந்த ஆத்துப் பத்திரிகையில மீனு!”

துக்கம் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மாமா அதுவும் புரியாதவர் போல நின்றார். இளவயசு மருமகள் ஒருத்தி தூணோரமாய் வந்து, தாழ்ந்த குரலில், மாமாமேல் இரக்கப்பட்டுச் சொன்னாள்: “எங்க மாமனார் தவறிட்டார். திருவடி அடைஞ்சார்னா எங்க வழக்கத்துல அதான். சுபஸ்வீகாரம்னா பதிமூணாம் நாள். தீட்டு கழிஞ்சு, எல்லாரையும் கூப்ட்டு சாதம் போடறது.”

மாமா முகத்தின் சுழிகள் எல்லாம் ஒரே நொடியில் நிமிர்ந்துபோயின. கை என்னிடம் இருந்த பெட்டியைத் தேடி, அதைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. மறைத்து என்ன, நெய் வாசனை கூடம் முழுக்க இருந்தது.

நானோ வேறு கவலையில் இருந்தேன். இவ்வளவு பேச்சு நடக்கிறது, முக்கியமான ஆளை யாரும் காட்டவில்லையே? கூடத்தின் உள்மூலையில், சுவரோடு சாய்ந்து ஒரு மாமி உட்கார்ந்திருந்தார். இந்தச் சத்தம் எதுவும் தன் காதில் விழாதது போல அவர் பாட்டுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன்.

“மாமி, தத்து எடுத்த பாப்பா எங்க இருக்கு?”

“ஐயோ, வாண்டு!” என்று மாமா பாய்ந்தார். அதற்குள் மாமியின் பார்வை தரையிலிருந்து எழுந்துவிட்டது. மெதுவாய் என்னைப் பார்த்தார். என் மஞ்சள் விரலைப் பார்த்தார்.

“அதை இங்க கொண்டா,” என்றார் மகனிடம்.

“வேண்டாம்மா. நீ பாக்க வேண்டாம். நான் கிழிச்சுப் போட்டுடறேன்.”

“கொண்டாடான்னா.”

அட்டை கைக்கு வந்தது. மாமி அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு எழுத்தாய் விரல் வைத்துக்கொண்டே போனார், நான் சிலேட்டில் வைப்பதைப் போல. தொட்டிலில் நின்றது விரல்.

“மறுபடி பொறக்கப்படாது, பொறக்கப்படாதுன்னு தெனம் சேவிச்சுண்டிருந்தார்,” என்றார் மாமி. “தொட்டில் கட்டிட்டாளே!”

விரல் இறங்கித் திருவடிக்கு வந்தது.

“இந்தப் பூனையை யார் போட்டா?”

“மாமாதான் போட்டாரு. நான்தான் சொன்னேன்.”

“பேரென்ன அதுக்கு?”

“பேரெல்லாம் இல்ல மாமி. அது ட.”

“ட,” என்றார் மாமி. “நம்மாத்துக் கொல்லையில ஒண்ணு வரும். கொடையை எடுத்துண்டு தெருக்கோடி வரைக்கும் தொரத்துவார். நான் அவருக்குத் தெரியாம அதுக்குப் பால் ஊத்துவேன். இப்போ பாரு, அவர் திருவடியிலேயே ஜம்முனு ஒக்காந்துண்டிருக்கு.”

“அம்மா, அந்த மீனு,” என்று ஆரம்பித்தார் மகன், தாங்க முடியாதவராய்.

“பூனை இருந்தா மீன் வேண்டாமாடா?”

சொல்லிவிட்டு மாமி சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு வாய்விட்டு. கூடத்தில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்த மாமியின் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. ஒரே கோட்டில் கையை எடுக்காமல் எழுதின மாதிரி ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது. தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, வீடே அதிர, பெயர் சொல்லாமல், ‘ஏன்னா, ஏன்னா’ என்று அழுதார்.

பெண்கள் ஓடிவந்து சூழ்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைக் கடந்து போகும்போது இன்னொருத்தியிடம், ‘அப்பாடா, அழுதுட்டா. அன்னிலேர்ந்து ஒரு சொட்டு கண்ணீர் இல்லாம கல்லு மாதிரி இருந்தாளே’ என்றாள். ஒருவர் அழுவதற்கு இன்னொருவர் அப்பாடா சொல்வாரா? நான் மாமாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் என் பூனையால் வந்தது.

மகன் அட்டைகளை அப்படியே கட்டித் திருப்பிக் கொடுத்தார். அவர் குரலும் இறங்கியிருந்தது. ‘சாதா எழுத்துல, கறுப்பு மையில, வெறும் அட்டையில அடிச்சுக் குடுங்கோ. மஞ்சள் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே பின்பக்கமாய் நடந்து வாசலுக்கு வந்தார். செருப்பு இடம் வலம் மாறியது அவருக்கு மொபெட் வரை தெரியவில்லை.

அங்கிருந்து கிளம்பிக் குளத்தோரம் போகும்போது பேசத் தொடங்கினார். என்னிடம் இல்லை, முன்சக்கரத்திடம். அப்பா சொன்னது சரிதான். துக்க வீட்டில் போய்த் தொட்டில் கட்டினவன் எழுத்து வரையக் கூடாது. நாளைக்கே திருச்சிக்குப் போன் போட வேண்டியது. ப்ளாப்பியை எல்லாம் அழித்துவிட வேண்டியது. அழித்து, வெல்வெட்டைப் போர்த்தி, சோப்பு, சோப்பு, சோப்பு.

இன்று இதை எழுதுகிறபோது எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த ஜாங்கிரி அழியவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதன் பெயர்தான் யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் ஒரு ப்ளாப்பியில் நகல் எடுத்தார், அவரிடமிருந்து இன்னொருவர். பிறகு அது தன் பாட்டுக்குக் கிளம்பிப்போய்விட்டது. ஐஸ் வண்டியில், ட்யூஷன் சென்டரில், ஆட்டோவின் முதுகில், பாலவாக்கம் கடற்கரையில் சுண்டல் வண்டியில். மாமாவிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் யாரையும் போய்க் கேட்கவில்லை. போன மாதம் அடையாறில் பஞ்சர் ஒட்டுகிற கடை ஒன்றைப் பார்த்தேன். ‘டயர்’ என்று எழுதியிருந்தது. மழையில் பாதி உரிந்துபோன அந்த ட-வில், காது ஒன்று போய், மீசை போய், ஆனால் உட்கார்ந்த இடத்தை விடாமல், என் பூனை. வண்டியை ஓரமாய் நிறுத்திவிட்டு, காற்று சரியாக இருந்த சக்கரத்துக்குக் காற்று பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் அன்று, குளத்தோரத்தில், அதெல்லாம் அழியத்தான் இருந்தது. சோப்பு என்று மாமா சொல்லச் சொல்ல எனக்குப் பயம் பிடித்தது. பேச்சை மாற்ற என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. சொல்லலாமா வேண்டாமா என்று கூடத்திலிருந்தே மனசுக்குள் வைத்திருந்தது.

“மாமா, ஒண்ணு சொன்னாத் திட்ட மாட்டியே?”

“சொல்லு.”

“அந்த மாமி ஒரு கார்டைத் திருடிட்டாங்க.”

மொபெட் கொஞ்ச தூரம் தானாக ஓடியது. பிறகு நின்றது. மாமா திரும்பினார்.

“என்ன சொன்ன?”

“அவங்க புள்ளை எல்லாத்தையும் திருப்பி வாங்கிக் கட்டினாரு இல்ல? அப்ப அவங்க கையில இருந்ததை மட்டும் குடுக்கல. எல்லாரும் கண்ணைத் தொடைச்சு விடறப்ப, யாருக்கும் தெரியாம மடிச்சுப் பொடவைக்குள்ள சொருகிக்கிட்டாங்க. நான் பார்த்தேன்.”

“நிஜமா?”

“சத்தியமா. என்னையும் பாத்தாங்க. சொல்லாதேன்னு கண்ணாலயே சொன்னாங்க. நான் உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். போய்க் கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?”

“வேணாம்,” என்றார் மாமா.

வண்டியை ஸ்டாண்டு போட்டார். குளத்துப் படிக்கட்டு தெரிகிற மாதிரி ஒரு கட்டையில் உட்கார்ந்தார். முகத்தைச் சட்டைக்கையால் துடைத்தார். ‘எப்படி மடிச்சாங்க?’ என்று கேட்டார். ‘பூனை உள்பக்கமா, வெளிப்பக்கமா?’ உள்பக்கமா என்றேன். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். ஜாங்கிரிப் பெட்டியைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். சாப்பிடாமல் அதைத் தூக்கிப் பிடித்து, சிரித்துக்கொண்டே ஓரத்தை விரலால் காற்றில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திருச்சிக்குப் போன் போகவில்லை. சாதா எழுத்தில் கறுப்பு மையில் பத்திரிகை அடித்துக் கொடுத்தாயிற்று. தீபாவளி வந்தது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாசல் அறையில் வாக்குவாதம் நடந்தது. ‘யாருய்யா ஏத்துக்கிட்டாங்க, ஒரே ஒருத்தரைக் காட்டு’ என்று அப்பா கேட்டார். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் கம்ப்யூட்டரை வெல்வெட்டோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறைக்குப் போனார். அப்பாவின் சைக்கிள் பழைய இடத்துக்கு வந்தது.

ஆனால் அன்று, குளத்தோரத்தில், எனக்கு அவர்மேல் கோபம்தான். ஒரு பெரிய மனுஷி பத்திரிகையைத் திருடினதை நான் கண்ணால் பார்த்துச் சொல்லியும், அதைத் திருப்பி வாங்கக்கூடத் துப்பில்லாமல், படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த ஆள் அவர். இப்படி விட்டுக்கொண்டே போனால் எல்லாரும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று நினைத்துக்கொண்டே, வாய் நிறைய ஜாங்கிரியோடு, மொபெட்டில் ஏறி உட்கார்ந்தேன்.